சக்கர நாற்காலியில் ஒரு பயணப் பாட்டு

பிரிட்டிஷ் ராக் குழுவான லெட் செப்பலினைக் கேட்பவர்களிடம் அவர்களுடைய 'பிரசென்ஸ்' ஆல்பத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பதில் வரும். முதல் பாட்டு பிரமாதம், 'நோபடீஸ் ஃபால்ட் பட் மைன்' கேட்கலாம், மற்றதெல்லாம் சும்மா. அதற்குள் பேச்சு நான்காவது ஆல்பத்துக்கோ 'ஃபிசிக்கல் கிராஃபிட்டி'க்கோ போய்விடும். எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு கேட்காது. அந்தக் குழு போட்ட தட்டுகளிலேயே நான் அதிகம் திரும்பப் போவது இதற்குத்தான். ஏன் என்று ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட வேண்டும்.

1976 மார்ச் 31 அன்று வெளியானது. ஏழே பாட்டு, 44 நிமிடம். வந்த வேகத்தில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடத்துக்குப் போனது. ஆனால் அது குழுவின் பெயருக்காக முன்கூட்டியே குவிந்த ஆர்டர்களின் வேகம். அப்புறம் விற்பனை சரிந்தது. அமெரிக்காவில் நான்காவது ஆல்பத்துக்கு 2 கோடிப் பிரதிகளுக்கு மேல் சான்று கொடுத்திருக்கிறார்கள். 'பிரசென்ஸ்' 30 லட்சத்தோடு நிற்கிறது. குழு உயிரோடு இருந்த காலத்தில் போட்ட எட்டு ஸ்டுடியோ ஆல்பங்களில் விற்பனையில் அதுதான் கடைசி.

ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால் எல்லாரும் 'இல்லை'களாகத்தான் சொல்வார்கள். கீபோர்டு இல்லை. அக்கூஸ்டிக் கிதார் முன்னால் வரும் பாட்டு ஒன்றுகூட இல்லை. 'ஸ்டேர்வே டு ஹெவன்' மாதிரி ஊரே முணுமுணுக்கும் பாட்டு இல்லை. 'கஷ்மீர்' மாதிரி பிரம்மாண்டம் இல்லை. இதெல்லாம் உண்மைதான், ஒன்றையும் மறுக்க மாட்டேன். நான் சொல்ல வருவது, இந்த இல்லாமைகளைக் கழித்துவிட்டு மீதியை ரசிக்க வேண்டும் என்பதும் அல்ல. அத்தனையும் பறிபோன நேரத்தில் நாலு பேர் கையில் என்ன மிச்சமிருந்ததோ அதை வைத்துச் செய்த தட்டு இது. அந்த மிச்சம், ஒரு கிதார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ், களைத்த ஒரு குரல், எவ்வளவு பலமானது என்பதை வேறு எந்த ஆல்பத்திலும் இவ்வளவு நேரடியாகக் கேட்க முடியாது.

நான் இதை முதலில் கேட்டது கேசட்டில். அந்தக் காலத்தில் சென்னையில் ரெக்கார்டிங் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்தால் பதிந்து தருவார்கள். 90 நிமிட கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். நான்காவது ஆல்பம் ஒரு பக்கத்தில் சரியாக அடங்கும், 'பிரசென்ஸ்' மறுபக்கத்தில் கச்சிதமாக அடங்கும். இரண்டும் எனக்கு ஒரே கேசட்டின் இரண்டு முகங்களாகத்தான் வந்து சேர்ந்தன. உறை கிடையாது, குறிப்பு கிடையாது. எது புகழ்பெற்றது, எது தோற்றது என்று சொல்லவும் ஆள் கிடையாது. ஒரு பக்கம் முடிந்ததும் திருப்பிப் போடுவேன், அவ்வளவுதான். அதனால் இந்த ஆல்பத்தை ஒரு படி கீழே வைத்துக் கேட்கும் பழக்கம் எனக்கு வரவே இல்லை.

இதன் பின்னால் இருந்த கதை ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது.

1975இல் லெட் செப்பலின் உச்சியில் இருந்தது. பிப்ரவரியில் இரட்டைத் தட்டாக 'ஃபிசிக்கல் கிராஃபிட்டி', மே மாதம் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட்டில் ஐந்து இரவுக் கச்சேரி. அப்போது பிரிட்டனில் பெரிய சம்பாத்தியத்துக்கு 83 சதவீதம் வரை வருமான வரி. அதைத் தவிர்க்கக் குழுவினர் நாட்டுக்கு வெளியே வாழ ஆரம்பித்தார்கள். பாடகர் ராபர்ட் பிளான்ட் குடும்பத்தோடு மொராக்கோவில் சுற்றினார், பிறகு கிரேக்கம் போனார். ஆகஸ்ட் 4 அன்று ரோட்ஸ் தீவில் அவர்கள் போன கார் விபத்தில் சிக்கியது. மனைவி மொரீன்தான் ஓட்டினார். அவருக்கு மிக மோசமான காயம். பிளான்ட்டுக்குக் கணுக்காலும் முழங்கையும் முறிந்தன. குழந்தைகளும் காரில் இருந்தார்கள்.

லண்டனுக்குக் கொண்டுவந்து சிகிச்சை நடந்தது. ஆனால் வரிச் சட்டத்தின்படி பிளான்ட் பிரிட்டனில் தங்க முடியாது. மனைவியை மருத்துவமனையில் விட்டுவிட்டு, காலில் மாவுக்கட்டோடு, ஜெர்சி தீவுக்குப் போனார். பிறகு கலிபோர்னியாவின் மாலிபு கடற்கரைக்கு. ஆகஸ்ட் கடைசியில் தொடங்க வேண்டிய அமெரிக்கச் சுற்றுப்பயணம் ரத்தானது. மறுபடி நடக்க முடியுமா என்பதே அப்போது உறுதியில்லை.

பணம் மிச்சமாகட்டும் என்று எடுத்த முடிவு, மனைவி படுக்கையில் இருக்கும்போது பிளான்ட்டைக் கடல் தாண்டி உட்கார வைத்துவிட்டது. இந்த ஆல்பத்தில் வரும் கோபத்தையும் தனிமையையும் கேட்கும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் அது.

மாலிபுவில் குழுவின் கிதார் கலைஞர் ஜிம்மி பேஜ் வந்து சேர்ந்தார். இரண்டு பேரும் பாட்டு எழுதினார்கள். ஏழு பாட்டில் ஆறுக்கு அந்த இருவர் பெயர் மட்டுமே இருப்பது அதனால்தான். பேஸும் கீபோர்டும் வாசிக்கும் ஜான் பால் ஜோன்ஸும் டிரம்ஸ் வாசிக்கும் ஜான் பான்ஹாமும் பிறகு வந்து ஹாலிவுட்டில் ஒத்திகை நடந்தது. நவம்பரில் நாலு பேரும் ஜெர்மனியின் மியூனிக் நகரத்துக்குப் போனார்கள். அரபெல்லா ஹவுஸ் என்ற அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஜியார்ஜியோ மொரோடர் தொடங்கிய மியூசிக்லேண்ட் ஸ்டுடியோ இருந்தது. அங்கேதான் ரெக்கார்டிங்.

அவர்களுக்குப் பின்னால் அதே ஸ்டுடியோ ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்காகக் காத்திருந்தது. பேஜ் அந்தக் குழுவின் பாடகர் மிக் ஜாகரிடம் பேசிக் கூடுதலாகச் சில நாட்கள் கேட்டு வாங்கினார் என்பது தெரிந்த கதை. பதிவும் மிக்ஸிங்கும் சேர்த்துச் சுமார் 18 நாள். ஒலிப்பதிவாளர் கீத் ஹார்வுட்டும் பேஜும் தூங்கி விழும்வரை வேலை பார்த்து, யார் முதலில் கண் விழிக்கிறார்களோ அவர் மற்றவரை எழுப்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்களாம். பிளான்ட் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடினார். ஒருமுறை ஊன்றுகோலோடு தடுமாறி விழுந்து, ஆறிவரும் கால் மறுபடி உடைந்ததோ என்று எல்லாரும் பதறினார்கள்.

இனி முதல் பாட்டுக்கு வருவோம்.

'அக்கிலீஸ் லாஸ்ட் ஸ்டாண்ட்' பத்தரை நிமிடப் பாட்டு. தூரத்திலிருந்து ஒரு கிதார் சுற்றிச் சுற்றி மெல்ல அருகே வரும். அடுத்த நொடி டிரம்ஸும் பேஸும் சேர்ந்து பாய ஆரம்பித்தால் முடிவுவரை நிற்காது. ஜோன்ஸ் இதில் வாசிப்பது எட்டு நரம்பு உள்ள அலெம்பிக் பேஸ். சாதாரண பேஸின் ஒவ்வொரு நரம்புக்கும் பக்கத்தில் மேல் ஸ்தாயியில் இன்னொன்று. அதனால் அடியில் ஓடும் அந்தக் குதிரைக் குளம்புச் சத்தம் ஒரே நேரத்தில் கனமாகவும் கூர்மையாகவும் இருக்கும். பான்ஹாம் வேகத்தில் ஓடிக்கொண்டே இருப்பவர், சில இடங்களில் குழு முழுக்கச் சேர்ந்து வெட்டி வெட்டி அடிக்கும் சரவெடிக்குள் போய்விட்டு, ஒரு மயிரிழைகூடப் பிசகாமல் மறுபடி ஓட்டத்தைப் பிடிப்பார். இதில் பான்ஹாம் வாசித்ததற்கு மேல் ராக் இசையில் நான் கேட்டதில்லை.

இதன் மேல் பேஜ் அடுக்கடுக்காகக் கிதார்களை ஏற்றினார். அத்தனையும் ஒரே இரவில் செய்ததாகச் சொல்லியிருக்கிறார். மற்றவர்களுக்கு முதலில் அவர் மனதில் என்ன இருக்கிறது என்று பிடிபடவில்லையாம். ஹெட்ஃபோனில் கேட்டால் இடதும் வலதும் நடுவிலும் கிதார்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டு போவது தெரியும். ஒவ்வொரு கிதாரும் தனிக் குரலாகவே கேட்கும், குழம்பாது. நடுவில் வரும் சோலோவை, அதாவது கிதார் தனித்து வாசிக்கும் பகுதியை, 'ஸ்டேர்வே'யின் சோலோ இருக்கும் அதே வரிசையில் பேஜே வைத்துப் பேசியிருக்கிறார். 'ஸ்டேர்வே'யின் சோலோ படி ஏறி உச்சிக்குப் போவது. இது உச்சியில் தொடங்கி அங்கேயே ஏங்கிக்கொண்டு நிற்பது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

பாட்டின் பொருள் பயணம். மொராக்கோவின் அட்லஸ் மலைகள், கடல், வெயில், வீட்டை விட்டுக் கிளம்பும் துடிப்பு. அட்லஸ் வானத்தைத் தாங்கி நிற்பதாக வரும் வரி, மலையையும் கிரேக்கப் புராணத்து அட்லஸையும் சேர்த்தே தொடும். கேசட்டில் கேட்ட நாட்களில் எனக்கு வரிகள் முழுதாகப் புரியாது. ஆனால் இது போய்க்கொண்டே இருக்கும் ஒருவனின் பாட்டு என்பது மட்டும் முதல் நிமிடத்திலேயே புரிந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து ரயிலில் கேட்கவே செய்தது போல இருக்கும். அதைப் பாடியவரால் அப்போது பத்தடி நடக்க முடியாது என்று பிறகு படித்தபோது கேசட்டை எடுத்து மறுபடி போட்டேன். பாட்டு வேறு மாதிரி கேட்டது. அந்த ஓட்டத்தில் இருந்த வெறி எங்கிருந்து வந்தது என்று அப்போது விளங்கியது. தலைப்பிலேயே குதிகாலில் அடிபட்ட வீரனின் பெயர் இருக்கிறது. குழுவுக்குள் முதலில் இதைச் சக்கர நாற்காலிப் பாட்டு என்றுதான் கூப்பிட்டார்களாம்.

இவ்வளவு பெரிய பாட்டை முதலில் வைத்துவிட்டால் அடுத்தது எப்படி நிற்கும் என்ற கேள்வி நியாயமானது. 'ஃபார் யுவர் லைஃப்' நிற்கிறது, வேகத்தை முற்றிலும் கைவிட்டு. கனமாக, இழுத்து, அடிக்கடி நின்று நின்று நகரும் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் வரி. லாஸ் ஏஞ்சலஸில் கொக்கெயின் போதையில் நண்பர்கள் அழிவதைப் பார்த்து எழுதிய வரிகள். பேஜ் இங்கே வழக்கமான 'லெஸ் பால்' கிதாரை விட்டு ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரை எடுத்து, அதன் ட்ரெமொலோ கம்பியை அழுத்தி ஸ்வரங்களைத் தொய்ய விடுகிறார். அந்தத் தொய்வு கேட்கிறவர் வயிற்றில் எதையோ கீழே இறக்கும். இந்தப் பாட்டை அந்த நாலு பேரும் ஒருமுறைகூட மேடையில் வாசித்ததில்லை. 2007 டிசம்பர் 10 அன்று லண்டன் ஓ2 அரங்கில் பான்ஹாமின் மகன் ஜேசன் டிரம்ஸில் உட்கார்ந்த அந்த ஒற்றைக் கச்சேரியில்தான் இது முதன்முதலாக மேடை ஏறியது. அவ்வளவு பெரிய இரவில், 'ஸ்டேர்வே'யும் 'கஷ்மீரும்' இருக்க வேண்டிய பட்டியலில், 31 வருஷம் யாரும் கேட்காத இந்தப் பாட்டுக்கு இடம் கொடுத்தார்கள். அதன் மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை அதிலேயே தெரிகிறது.

'நோபடீஸ் ஃபால்ட் பட் மைன்' பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். முதலாவது அதன் மௌனங்கள். கிதார் ஒரு வரியை வாசிக்கும், பிளான்ட் சொல்லில்லாமல் அதே வரியைக் குரலில் கூடவே இழுப்பார், பிறகு எல்லாம் சட்டென்று நிற்கும். வெற்றிடம். திரும்ப நாலு பேரும் ஒரே இடத்தில் வந்து விழுவார்கள். தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்டுப் பாருங்கள். எந்த இடைவெளி எவ்வளவு நீளம் என்று கணக்கு வைப்பது அவ்வளவு எளிதில்லை. பான்ஹாமும் ஜோன்ஸும் அந்த வெற்றிடத்துக்குள்ளும் வாசித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள், நமக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். நடுவில் பிளான்ட்டின் மௌத் ஆர்கன் வருகிறது. குரல் களைத்த மனிதர் மூச்சில் அவ்வளவு பலம் வைத்திருக்கிறார்.

இரண்டாவது, உரிமை. இந்தப் பாட்டின் மூலம் பிளைண்ட் வில்லி ஜான்சன் என்ற கறுப்பினப் பாடகர் 1927இல் டல்லஸில் பதிந்தது. கண் தெரியாதவர், டெக்சஸ் தெருக்களில் கடவுளைப் பாடியவர். வேதத்தைப் படிக்காமல் என் ஆன்மா தொலைந்தால் அது என் குற்றமே என்பது அவர் பாட்டு. பிளான்ட் அதைப் போதையின் பிடியில் இருப்பவனின் புலம்பலாக மாற்றினார். இசையும் ஏறத்தாழ முழுக்கப் புதிது. ஆனாலும் முதல் வரியும் தலைப்பும் மூல எண்ணமும் ஜான்சனுடையவை. தட்டில் பேஜ், பிளான்ட் என்ற இரண்டு பெயர்தான் இருக்கிறது. இது தவறு. இந்த ஆல்பத்தை எவ்வளவு நேசித்தாலும் இந்த இடத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஜான்சன் 1945இல் வறுமையில் இறந்தார். 1977இல் வாயேஜர் விண்கலங்களில் ஏற்றி அனுப்பிய தங்கத் தட்டில் அவருடைய இன்னொரு பதிவு இருக்கிறது. சூரியக் குடும்பத்தைத் தாண்டிப் போகும் தட்டில் கிடைத்த பெயர், அதற்கு முந்தைய வருஷம் வெளியான இந்தத் தட்டில் கிடைக்கவில்லை. 'பிரசென்ஸ்' கேட்பவர்கள் ஜான்சனின் மூலப் பதிவையும் தேடிக் கேளுங்கள். ஒரு கிதாரும் கரகரத்த ஒரு குரலும் மட்டும். லெட் செப்பலின் வைத்த வெற்றிடங்களின் பூர்வீகம் அங்கே இருக்கிறது.

'ராயல் ஆர்லியன்ஸ்' மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். நாலு பேர் பெயரும் போட்டிருக்கும் ஒரே பாட்டு அதுதான், தாளம் நன்றாக இருக்கும், அதற்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை. 'கேண்டி ஸ்டோர் ராக்' ஐம்பதுகளின் ராக் அண்ட் ரோலைத் தொட்டுப் பார்க்கும் முயற்சி. பிளான்ட் எல்விஸ் பாணியில் வழுக்கிக்கொண்டு பாடுகிறார். அமெரிக்காவில் அதைத் தனித் தட்டாக வெளியிட்டார்கள், போணியாகவில்லை. தன் குரல் இந்த ஆல்பத்தில் களைத்து இறுகிப் போயிருந்தது என்று பின்னாளில் சொன்ன பிளான்ட், இதன் தாளக்காரர்களை மட்டும் மனசாரப் பாராட்டியிருக்கிறார். எனக்கு இது ஆல்பத்தின் பலவீனமான பாட்டு. பான்ஹாமுக்காகக் கேட்பேன்.

'ஹாட்ஸ் ஆன் ஃபார் நோவேர்' அப்படித் தள்ளக்கூடியது இல்லை. மேலோட்டமாகக் கேட்டால் துள்ளலான பாட்டு, லா லா லா என்றெல்லாம் வரும். வரிகளைக் கவனித்தால் தோள் கொடுப்பார்கள் என்று நம்பிய நண்பர்கள் ஒன்றும் தரமாட்டார்கள் என்று பச்சையாகவே திட்டுகிறார் பிளான்ட். குழுவுக்குள் இருந்தவர்களைத்தான் சொல்கிறார் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். அந்தத் திட்டுக்குப் பக்கத்தில் பேஜ் உட்கார்ந்து, ட்ரெமொலோ கம்பியை டொய்ங் என்று அறுத்து விடுவது போல ஒரு சோலோ வாசிக்கிறார். ஒருவர் குறை சொல்கிறார், குறை சொல்லப்பட்டவர் அதற்கு இசை போடுகிறார். ஒரே அறையில் இத்தனை வருஷம் வேலை செய்தவர்களுக்குத்தான் அது முடியும்.

கடைசிப் பாட்டான 'டீ ஃபார் ஒன்' பற்றித்தான் எனக்கும் மற்ற ரசிகர்களுக்கும் பெரிய வழக்கு. மூன்றாவது ஆல்பத்தில் இருக்கும் 'சின்ஸ் ஐவ் பீன் லவிங் யூ'வின் மங்கலான நகல் என்பார்கள். இரண்டும் மைனர் ப்ளூஸ், இரண்டும் மெதுவானவை, சுரங்களின் போக்கும் ஒத்துப்போகும். அதில் சந்தேகமில்லை. ஆனால் 1970இன் அந்தப் பாட்டு ஒரு நாடகம். காதலி கைவிட்ட சோகத்தைப் பிளான்ட் அலறி, கெஞ்சி, உச்சஸ்தாயியில் நடித்துக் காட்டுவார். ஜோன்ஸின் ஆர்கன் பின்னால் நின்று தாங்கும். கேட்டு முடித்தால் கை தட்டத் தோன்றும்.

'டீ ஃபார் ஒன்' பாட்டில் தாங்க ஆர்கன் கிடையாது. ஆரம்பத்தில் வேறு ஒரு முரட்டு ரிஃப் சில நொடி ஓடிவிட்டு, அப்படியே சோர்ந்து, மெதுவான ப்ளூஸில் வந்து விழுகிறது. நியூயார்க்கில் ஒரு ஓட்டல் அறையில் மனைவி இல்லாமல் தனியாக உட்கார்ந்திருந்த நேரத்தைப் பற்றிய பாட்டு. ஒரு நிமிடம் ஏன் இவ்வளவு நீளமாக இருக்கிறது என்பதுதான் அதன் மொத்தக் கேள்வி. ஒன்பதரை நிமிடம் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறார். அலறல் இல்லை, உச்சம் இல்லை. பேஜின் சோலோவும் எங்கேயும் வெடித்துத் தீராமல் அதே அறைக்குள் நடை பழகுகிறது. சலிப்பாக இருக்கிறது என்று சொல்பவர்கள் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்கள். தனியாகக் காத்திருப்பது சலிப்பானது. பாட்டு அதை அலங்கரிக்க மறுக்கிறது. வீட்டை விட்டு ரொம்ப நாள் வேலைக்காக வெளியூரில் கிடந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். நான் அப்படிக் கிடந்த நாட்களில் 1970இன் பாட்டு எனக்கு அன்னியமாக இருந்தது, இதுதான் பேச்சுத் துணையாக இருந்தது.

ஆல்பத்தின் வரிசையையும் கவனிக்க வேண்டும். உலகம் முழுக்கப் போவேன் என்று தொடங்கி, ஒரு அறையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு முடிகிறது. மனதுக்கு ஆறுதலாக இன்னொரு பாட்டைக் கடைசியில் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அந்தக் குழு வெளியிட்டதிலேயே இவ்வளவு சமாதானம் சொல்லாத ஆல்பம் வேறில்லை. மற்ற ஆல்பங்களில் ஒரு மந்திரவாதித்தனம் இருக்கும், மலைமேல் விளக்கேந்தி நிற்கும் கிழவர், குட்டிச்சாத்தான்கள், வைகிங் கப்பல்கள் என்று. இதில் அந்தத் திரையெல்லாம் விலகி, அடிபட்ட மனிதர்கள் மட்டும் தெரிகிறார்கள்.

இன்னொரு அநியாயம் காலத்தால் நடந்தது. 'பிரசென்ஸ்' வந்து ஒரு மாதம் ஆவதற்குள், 1976 ஏப்ரலில், ரமோன்ஸ் குழுவின் முதல் ஆல்பம் வந்தது. சில ஆயிரம் டாலர் செலவில் ஒரு வாரத்தில் முடித்த தட்டு. எளிமையாக, நேரடியாக வாசிக்கும் பங்க் ராக் அலை எழுந்தது. லெட் செப்பலின் போன்ற குழுக்கள் மாளிகையில் உட்கார்ந்து ஒரே பாட்டுக்கு மாசக்கணக்கில் மெருகு ஏற்றுகிற பழைய ராஜாக்கள் என்ற பேச்சு பரவியது. சில ஆல்பங்களுக்கு அது பொருந்தலாம். அடித்தள அறையில் 18 நாளில், தூக்கமில்லாமல், வாத்தியங்களைக் குறைத்து, பூச்சு வேலை இல்லாமல் முடித்த இந்தத் தட்டுக்கு அது துளியும் பொருந்தாது. பங்க் கேட்ட நேரடித்தனத்தில் பாதி இதில் ஏற்கெனவே இருந்தது. மீதிப் பாதிக்கு இவர்கள் ரொம்ப நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்கள்.

மேடையும் கைகொடுக்கவில்லை. 1976இல் பிளான்ட்டின் கால் தேற வேண்டியிருந்தது, சுற்றுப்பயணமே கிடையாது. புதுத் தட்டு வந்த வருஷத்தில் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக முடியவில்லை. போதாக்குறைக்கு அதே அக்டோபரில் பழைய கச்சேரிப் படமும் அதன் இரட்டைத் தட்டும் வந்து, கடைகளில் 'பிரசென்ஸ்' இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. 1977இல் அமெரிக்கா போனபோது ஏழு பாட்டில் இரண்டைத்தான் மேடையில் வாசித்தார்கள். அந்தச் சுற்றுப்பயணமும் ஜூலையில் பிளான்ட்டின் ஐந்து வயது மகன் கேரக் நோயில் இறந்த செய்தியோடு நின்றுபோனது.

உறையைப் பற்றி ஒரு வார்த்தை. ஹிப்நோசிஸ் என்ற வடிவமைப்புக் குழுவும் ஜார்ஜ் ஹார்டியும் செய்தது. ஒரு குடும்பம் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது, பின்னால் படகுகள். மேசை நடுவில் முறுக்கிய சிறிய கறுப்புத் தூண் ஒன்று. உள்ளேயும் பின்னட்டையிலும் இருக்கும் படங்களில் பள்ளி, மருத்துவர் என்று எங்கு பார்த்தாலும் அதே பொருள். அது என்ன என்று யாரும் சொல்லமாட்டார்கள், எல்லாரும் அதை இயல்பாக எடுத்துக்கொள்கிறார்கள். நான் இந்த உறையைப் பார்ப்பதற்குள் பாட்டுகள் எனக்கு மனப்பாடம். பார்த்தபோது அந்தக் கறுப்புப் பொருள் எனக்குப் புதிராக இல்லை. ஒரு வீட்டில் நடந்த பெரிய துக்கம் அப்படித்தான் சாப்பாட்டு மேசையில் எல்லார் நடுவிலும் இருக்கும். வடிவமைத்தவர்கள் அப்படி நினைத்தார்களோ இல்லையோ, இந்தப் பாட்டுகளோடு சேர்த்துப் பார்த்தால் எனக்கு வேறு அர்த்தம் தோன்றவில்லை.

கடைசியாக, ஜோன்ஸ். இந்த ஆல்பம் பிடிக்காதவர்களின் முதல் புகார் அவருடைய கீபோர்டுகள் இல்லை என்பதுதான். பாதி நியாயம். 'நோ குவார்ட்டர்', 'கஷ்மீர்' எல்லாம் அவர் விரல்கள் இல்லாமல் கிடையாது. அடுத்த ஆல்பத்தை 1978இன் கடைசியில் ஸ்டாக்ஹோமில் பதிந்தபோது நிலைமை தலைகீழானது. அதில் ஜோன்ஸின் கீபோர்டுகள் முன்னால் வந்தன, பேஜ் பின்னால் போனார். 1980 செப்டம்பரில் பான்ஹாம் இறந்து குழு கலைந்தது. ஆக, பேஜ் தன் கிதாரை முழுக்க முன்னால் நிறுத்திச் செய்த கடைசி லெட் செப்பலின் ஆல்பம் 'பிரசென்ஸ்'தான். பேஜின் கிதாருக்காக இந்தக் குழுவைக் கேட்பதாகச் சொல்லிக்கொண்டு இதைத் தாண்டிப் போகிறவர்களை எனக்குப் புரிந்துகொள்ளவே முடிவதில்லை.

2015இல் பேஜ் பழைய நாடாக்களைத் துடைத்து மறுபதிப்பு கொண்டுவந்தபோது, கூடவே ஒரு துணைத் தட்டும் வைத்தார். அதில் '10 ரிப்ஸ் அண்ட் ஆல்' என்று தொடங்கும் நீளமான தலைப்போடு, அதுவரை வெளியே வராத வாத்திய இசை ஒன்று இருக்கிறது. ஜோன்ஸின் பியானோ மெதுவாகத் தொடங்கும், மற்றவர்கள் பிறகு சேர்வார்கள். ரொம்ப அழகாக இருக்கும், நிதானமாக, கொஞ்சம் ஏக்கத்தோடு. அப்படியானால் அந்தப் பதினெட்டு நாளில் பியானோவும் அந்த அறையில் இருந்திருக்கிறது, வாசிக்க ஜோன்ஸும் இருந்திருக்கிறார், நாடாவிலும் ஏறியிருக்கிறது. எடுத்து வெளியே வைத்திருக்கிறார்கள். அதைச் சேர்த்திருந்தால் ஆல்பம் இன்னும் நாலு பேருக்குப் பிடித்திருக்கும், ரேடியோவிலும் ஓடியிருக்கும். எனக்கும் அந்தப் பியானோ பிடிக்கும். ஆனாலும் 'டீ ஃபார் ஒன்' பாட்டுக்குப் பக்கத்தில் எங்கேயும் அதை வைக்க ஒத்துக்கொள்ள மாட்டேன்.